சேமிப்பு நிலைய டெண்டர்களில் மெகாவாட்டோடு மணிக்கணக்கையும் குறிப்பிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மின் நுகர்வோர் சார்பில்,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
எரிசக்தித் துறை

பொருள்: சூரிய, காற்றாலை மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையங்களின் கொள்ளளவை முழுமையாக அறிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். வெயில் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் மிஞ்சிப்போய், சூரிய மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறோம். விளக்குப் போடும் நேரம் வந்தால் அதே மின்சாரத்துக்கு அலைகிறோம். இதைச் சரிசெய்யத்தான் சேமிப்பு நிலையங்கள் வருகின்றன. அவற்றை அறிவிக்கும் முறையில்தான் எனக்குக் குறை இருக்கிறது.

"100 மெகாவாட் பேட்டரி நிலையம்" என்று மட்டும் அறிவித்தால் குழாயின் அளவு தெரியும், தொட்டியின் அளவு தெரியாது. அதாவது, ஒரு நேரத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரம் தரும் (மெகாவாட்) என்பது தெரியும், மொத்தம் எவ்வளவு சேமித்து வைக்கும் (மெகாவாட் மணி) என்பது தெரியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி தொடக்கத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. முழுத்திறனில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் தாங்கும். மின்கட்டமைப்பு திடீரென்று தடுமாறினால் நொடிப்பொழுதில் தாங்கிப்பிடிப்பதில் அது கெட்டிக்காரப் பேட்டரிதான். ஆனால் ஒரு ராத்திரியைக் கடத்த அது போதாது.

ராத்திரியைக் கடத்த நீரேற்று மின் நிலையங்கள் இருக்கின்றன. மின்சாரம் மிஞ்சும்போது கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது திறந்துவிட்டு டர்பைனைச் சுற்றுவது. போட்ட 100 யூனிட்டில் 70 முதல் 80 வரை திரும்பக் கிடைக்கும். ஒரு டன் தண்ணீரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினாலும், இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், அதில் அடங்குவது ஒரே ஒரு யூனிட்தான். (கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.) அதனால்தான் பெரிய நீர்த்தேக்கமும் நல்ல உயரமும் சேர்ந்து அமைந்த இடம் வேண்டியிருக்கிறது. அதற்காகக் காட்டை அழிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. வேல்ஸில் 1984இல் திறந்த டினோர்விக் நிலையத்தைக் கைவிடப்பட்ட ஸ்லேட் கல் குவாரி இருந்த மலைக்குள் குடைந்து கட்டினார்கள்.

ஆகவே, இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் மெகாவாட்டோடு மெகாவாட் மணியையும், திரும்பக் கிடைக்கும் விகிதத்தையும் கட்டாயமாக்க வேண்டுகிறேன். அப்புறம், ஏற்கெனவே உள்ள அணைகளிலும் கைவிட்ட குவாரிகளிலும் எவை நீரேற்றுக்கு ஏற்றவை என்று ஆய்வு செய்து, அந்தப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்றும் வெயிலும் சேர்ந்தாற்போல் நாலைந்து நாள் ஏமாற்றினால் நான்கு மணி நேரப் பேட்டரி கைகொடுக்காது. மிஞ்சும் மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றி வைக்கலாம்தான். ஆனால் மீண்டும் மின்சாரமாக்கும்போது பாதிக்கு மேல் போய்விடும். எனவே, "சேமிப்பு வந்துவிட்டது" என்ற ஒரே காரணத்தைக் காட்டி, மணிக்கணக்கைப் பார்க்காமல், காற்றும் வெயிலும் இல்லாதபோது கைகொடுக்கும் மற்ற மின் நிலையங்களை மூடிவிட வேண்டாம்.

இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)