பெயர் எழுத வேண்டாம் என்று சொன்ன ஓட்டுநர் அண்ணனுக்கும் மற்ற அனைவருக்கும்

ஊராருக்கும், பள்ளியில் உடன் பணிபுரிபவர்களுக்கும், என் மாணவர்களுக்கும் வணக்கம்.

படைவீரரான என் கணவர் நலமாக இருக்கிறார். கடைத்தெருவிலும் பேருந்திலும் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் வேறு எதையும் பேசுவதற்கு முன் இதைத்தான் கேட்டார்கள் என்பதால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 மே 10-ஆம் தேதி மாலை இந்தியா–பாகிஸ்தான் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்ட பிறகும், அவருடைய குரலைக் காதால் கேட்கும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இப்போது நேரம் கிடைக்கும்போதெல்லாம் பேசுகிறார்; மாங்காய் ஊறுகாய் போட்டாயிற்றா என்று தம் தாயிடம் விசாரிக்கிறார். அவர் எங்கே இருக்கிறார், என்ன பணியில் இருக்கிறார் என்பவற்றை எழுதுவது முறையன்று. அந்த நாட்களில் நடந்ததை நீங்களும் என்னைப் போலவே அறிவீர்கள். ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்துவிட்டால் பாடநூல் வழங்குவதும் மாணவர் சேர்க்கையுமாக நாட்கள் ஓடிவிடும். ஆகவே, பட்ட கலக்கமும் பெற்ற ஆறுதலும் மனத்தில் ஈரமாக இருக்கும்போதே இந்த மடலை எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். விடுமுறைக் காலத்து அலுவலகப் பணிகளில் என் பங்கையும் சேர்த்துச் செய்துவிட்டு, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத சக ஆசிரியைகளுக்கும், அதற்கு வழிசெய்த தலைமையாசிரியை அம்மாவுக்கும் நன்றி. என் கணவர் புறப்பட்டுப் போன அன்று காலையில்தான், மே 8-ஆம் தேதி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாயின. அன்று தமிழ்ப் பாடத்தில் தான் பெற்ற மதிப்பெண்ணைச் சொல்ல அழைத்த மாணவி ஒருத்தி, அதைச் சொன்ன கையோடு, "சார் டில்லி போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகும் மிஸ்?" என்று கேட்டாள். தன் வாழ்நாளின் பெரிய செய்தி கைக்கு வந்த நாளில் அவளுக்கு என் வீட்டின் நினைவும் இருந்தது. அவளுக்கு என் வாழ்த்தும் நன்றியும் சேர்ந்தே உரியவை.

அன்று இரவு தொலைக்காட்சிகளில் உறுதி செய்யப்படாத செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தபோது, எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர், என் மாமனார் அங்கே அமர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பெட்டியை அணைத்தார். மறுநாளும் போடவில்லை. வாடிக்கையாளர்கள் சிலர் கேட்டும் போடவில்லை. முன்னாள் படைவீரர்களான பெரியவர்கள் சிலர் முறைவைத்து எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்து, போரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாமனாரிடம் பேசினார்கள். பக்கத்து வீட்டு அக்கா மாவு அரைத்துக் கொடுத்தார். எதிர் வீட்டு அத்தை பிள்ளைகளை மாலை நேரங்களில் தம் வீட்டு மாடியில் விளையாட வைத்தார். என் கணவரின் படைப்பிரிவைச் சேர்ந்த மற்ற வீரர்களின் மனைவியர், எந்தச் செய்தியையும் ஆராயாமல் பகிர்வதில்லை, இடத்தின் பெயரை எழுதுவதில்லை, யாருக்கு அழைப்பு வந்தாலும் "பேசினார்" என்ற ஒரு சொல்லை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்புவது என்று தமக்குள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டை இறுதிவரை காத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நாடெங்கும் பல வீடுகளில் பெண்கள் விழித்திருந்தோம். உங்கள் அனைவருக்கும் தனித்தனியே எழுத இடம் போதாது. என் மனத்தில் ஒவ்வொருவருக்கும் தனி இடம் உண்டு.

இந்த மடலின் பெரும்பகுதியை ஒருவருக்காக ஒதுக்கியிருக்கிறேன். அவர் செய்த உதவி இன்னது என்று வெளியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ராணுவக் குடும்பங்களின் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் இருக்கும். ஒன்று பள்ளியினுடையது, மற்றொன்று படைவீரரின் விடுப்பினுடையது. படைவீரர்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு என்றாலும், அவை எந்த மாதத்தில் கிடைக்கும் என்பதைப் படைப்பிரிவின் தேவைதான் முடிவு செய்யும். பள்ளிப் பிள்ளைகளைப் பெற்ற எல்லாத் தகப்பன்மாரும் மே மாதத்தையே கேட்பார்கள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் காவலுக்கு யார் நிற்பது? அதனால் ஒரு கோடையில் கிடைத்தால் அடுத்த கோடையில் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆசிரியையாகிய எனக்கும் கோடை விடுமுறையைத் தவிர நீண்ட விடுமுறை கிடையாது. இரண்டு நாட்காட்டிகளும் ஒரே மாதத்தில் வந்து நிற்பது எங்கள் வீட்டில் தீபாவளியைவிடப் பெரிய நாள். இந்த ஆண்டு அப்படி நின்றது. நீலகிரிக்குச் செல்வதென்றும், 1758-இல் தொடங்கப்பட்ட மதராஸ் ரெஜிமென்ட்டின் மையம் அமைந்துள்ள வெலிங்டனில், தாம் பயிற்சி வீரராக ஓடிப் பழகிய சாலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றும் என் கணவர் முடிவு செய்திருந்தார். இப்போது நீலகிரிக்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால், நாங்கள் பேசி வைத்திருந்த வண்டியின் ஓட்டுநரே அதையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். பிறகு அழைப்பு வந்தது, விடுப்பு ரத்தானது.

மலைக்குப் போவதாக இருந்த அதே வண்டி எங்களைக் காட்பாடி ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்றது. நள்ளிரவு கடந்த நேரம். பிள்ளைகள் இருவரும் உடன் வருவோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். நடைமேடையில் அவர் வழக்கம்போலவே இருந்தார்; மகளிடம் நூலகத்தில் உறுப்பினராகச் சேரச் சொன்னார், மகனிடம் தாத்தாவின் மருந்து வேளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ரயில் நகர்ந்த பிறகு நாங்கள் வண்டிக்குத் திரும்பினோம். நான் அழவில்லை. படைவீரரின் மனைவி பிள்ளைகளின் முன்னால் அழக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத விதி. வீட்டுக்குப் போனால் அத்தையும் மாமாவும் என் முகத்தைப் பார்த்துத்தான் தங்கள் மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வேலூருக்குள் வந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கோட்டைக்கு அருகே ஓட்டுநர் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "டீச்சர், பின் டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி தெரியுது. நீங்க உள்ளேயே இருங்க. பசங்க கொஞ்சம் கால் நீட்டி நடக்கட்டும்," என்று சொல்லி, பிள்ளைகளை இறக்கி, கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு அவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வண்டிக்குள் நான் மட்டும் இருந்தேன். அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று நான் பார்க்கவில்லை. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

அங்கே நடந்ததை மகள் பிறகு சொன்னாள். கோட்டைக்கு எதிரே மக்கான் பகுதியில் நிற்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணுக்கு அவர்களை அழைத்துச் சென்று, பொறையும் பாலும் வாங்கிக் கொடுத்து, "இது எதுக்கு கட்டினாங்க பாப்பா? எனக்கு சரியா தெரியாது, நீ சொல்லு," என்று கேட்டிருக்கிறார். அவள் ஆசிரியையின் மகள். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி விடியலுக்கு முன் இந்தக் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் எழுந்ததையும், தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னதும், நெற்றிக் குறியையும் காதணியையும் நீக்கச் சொன்னதும் அவர்களைக் கொதிக்க வைத்ததையும், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அதை அடக்கியதையும், 1857-இல் மீரட்டில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே இது நடந்துவிட்டதையும் அவள் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். அவர் நடுநடுவே கேள்வி கேட்டு அவளை நிறுத்தாமல் பேச வைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் பாடம் நடத்திய பெருமை இருந்தது. மகன் மட்டும் என் காதருகே வந்து, "அவர் டயரைப் பார்க்கவே இல்லைம்மா," என்றான்.

வீட்டு வாசலில் வாடகையைக் கொடுத்தபோது, காட்பாடிக்குப் போய்வர என்ன வழக்கமோ அதை எண்ணி வாங்கிக்கொண்டார். மலைப் பயணத்துக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அவர் வாடகையை வாங்கிக்கொண்டதற்கும் நான் நன்றி சொல்கிறேன். அந்த நேரத்தில் யாரேனும் என்னை இரக்கத்துக்கு உரியவளாக நடத்தியிருந்தால் நான் உடைந்து போயிருப்பேன். அவர் என்னை எப்போதும்போல நடத்தினார்.

சண்டை ஓய்ந்த பிறகு ஒரு நாள் அவரைப் பார்த்து இதைப் பற்றிக் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு சொன்னார்: "எழுபத்தொண்ணுல எங்கப்பா சண்டைக்குப் போனப்போ நான் சின்னப் பையன். ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்து எங்கம்மா நேரா மாட்டுக் கொட்டகைக்குப் போயிடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சுதான் வெளிய வந்துச்சு. இப்போ வீடெல்லாம் மெத்தை வீடு டீச்சர், கொட்டகைக்கு எங்க போவீங்க?" தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை அண்ணா. ஆனால் உங்கள் தாயாரை நான் பார்த்ததில்லை என்றாலும், அவர் அழுத அழுகையை இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருந்து, அதைக்கொண்டு இன்னொரு பெண்ணின் துயரத்தைப் புரிந்துகொண்டீர்கள் என்பதை ஊர் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாட்டுப்பற்று என்றால் என்ன என்று வகுப்பில் பலமுறை பேசியிருக்கிறேன். போரைப் பாடும் புறத்திணையில் மூதின்முல்லை என்னும் துறையை, அதாவது பாடற்பொருளின் உட்பிரிவை, நடத்தும்போது, மகனைப் போருக்கு அனுப்பும் மறக்குடித் தாயின் துணிவைச் சொல்வேன். மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்தத் துணிவு பொய்யன்று, என் மாமியாரிடம் அதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அனுப்பி வைத்த பிறகு அவள் வீட்டுக்குள் திரும்பி வந்து என்ன செய்தாள் என்பதற்குத் துறை இல்லை. நம் மாவட்டத்துச் சில ஊர்களில், முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று பொறித்த கல் உண்டு. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. காத்திருந்தவர்களை எண்ணியவர் யாரும் இல்லை. ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற, வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ஊடகங்கள் புகழ்ந்து எழுதும்போதெல்லாம், அங்குள்ள பெண்களைப் பற்றி இன்னும் இரண்டு பத்தி எழுதியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

காலை வணக்கக் கூட்டத்தில் நாம் சொல்லும் உறுதிமொழி, 1962-இல், சீனப் போர் நடந்த ஆண்டில், பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்பவரால் தெலுங்கில் எழுதப்பட்டது. போர் ஆண்டில் எழுதப்பட்ட அதில் பகைவர் என்று யாரையும் குறிக்கவில்லை. பெற்றோரையும் ஆசிரியரையும் மூத்தோரையும் மதிப்பதையும், எல்லோரிடமும் பண்புடன் நடப்பதையும், மக்களின் நலத்தில் தன் மகிழ்ச்சியைக் காண்பதையும் அது கேட்கிறது. எல்லையில் நிற்பவரின் பற்றை யாரும் ஐயப்பட வேண்டியதில்லை. அவரை அங்கே நிம்மதியாக நிற்க வைத்தவர்கள் இந்தத் தேநீர்க் கடைக்காரரும், மாவு அரைத்த அக்காவும், டயரைப் பார்க்காத ஓட்டுநரும் என்பதை நான் இந்த மே மாதத்தில் கண்ணால் கண்டேன். என் கணவர் முதன்முறை பேசியபோது, "வீட்ல எல்லாரும் பார்த்துக்கிறாங்க இல்ல?" என்றுதான் கேட்டார். ஆம் என்று தயங்காமல் சொல்ல முடிந்தது.

என் பள்ளியில் படைவீரர்களின் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். தகப்பனின் விடுப்பு முடிந்த மறுநாள் அவர்கள் எப்படி வந்து அமர்வார்கள் என்பதை நான் அறிவேன். இனி அந்த நாளில் அந்தப் பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன், எல்லோர் முன்னிலையிலும் "அப்பா போய்ட்டாரா?" என்று விசாரிக்கவும் மாட்டேன். நூலக அறையில் புத்தகங்களை அடுக்கி வைக்கும் வேலையைக் கொடுத்து அனுப்புவேன். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்வேன். முடிந்து வரும்வரை வகுப்பு நடக்கும். இதை ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

அண்ணா, அவருக்கு மீண்டும் விடுப்பு கிடைக்கும் மாதம் எதுவாக இருந்தாலும், காலாண்டு விடுமுறையாயினும் பொங்கலாயினும், வெலிங்டனுக்கு உங்கள் வண்டியில்தான் போகிறோம். பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கைகளைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். இ-பாஸை மட்டும் நீங்களே எடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு தமிழாசிரியை,
கண்ணமங்கலம் அருகில்