வெள்ளிக்கிழமை கூட்டம்: ஸ்மார்ட் வகுப்பறை

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். குறுவை நடவு நேரம், தெரியும். ஒரு மணி நேரம்தான்.

ஸ்மார்ட் வகுப்பறைத் திரை நன்றாகத்தான் இருக்கிறது. யூபிஎஸ் பேட்டரிதான் போய்விட்டது. கரண்ட் போனால் பாடம் பாதியில் நிற்கிறது. ஐப்பசி மழையில் ஒழுகிய மூலையும் அப்படியே. திரைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறோம், பார்க்கவே சங்கடம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் செலவில் மத்திய அரசின் பங்கு 60, மாநில அரசின் பங்கு 40 விழுக்காடு. அந்தப் பணம் வரும்போது வரட்டும். அதற்குள், 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் இணையதளம் வழியாக உதவி கேட்கத் தீர்மானம் போடலாம். திருப்பூர், சிங்கப்பூர் போன பழைய மாணவர்களும் அதிலேயே கொடுக்கலாம். கையில் வாங்க வேண்டாம், கணக்கு வம்பு.

அப்புறம், அந்தப் பழைய மாணவர்களின் போன் எண் யாரிடம் இருந்தாலும் கொண்டுவாருங்கள்.