கோஷத்தை எடுத்துவிடு, மடிப்பு பேசட்டும்

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய புத்தக டம்மி, அந்த மாதிரிப் பிரதி, கிடைத்தது. வீடுகளை இடிக்க வந்த நோட்டீஸ்களையும் அந்த வீடுகளின் படங்களையும் சேர்த்துத் தைத்திருக்கிறாய். "பைண்டிங்கிலேயே இருந்தவள் நீ, உள்ளதைச் சொல்லம்மா" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

நான்காம் தாளை என்னால் தாண்டவே முடியவில்லை. நோட்டீஸில் கதவு எண் இருந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டாய். அந்த ஓட்டை வழியே அடுத்த தாளில் உள்ள சுவர் தெரிகிறது. பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைத்த பென்சில் கோடுகள். தாளைத் திருப்பினால் அதே சதுரத்துக்குள் முந்தின பக்கத்தின் ஆபீஸ் முத்திரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோடுகள் இருந்த கட்டத்தில் முத்திரையைக் கொண்டுவந்து வைத்தது என் விரல்தான். அதற்குப் பிறகு எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் கடைசிப் பக்கங்களைப் பார்த்து ஆதங்கமாக இருந்தது. சிவப்பு மையில் பெரிது பெரிதாகக் கோஷம். உன் கோபம் நியாயமானது, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் கோஷம் சுவரொட்டிக்கு உரியது; பத்தடி தள்ளி நடந்து போகிறவர்கள் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ள வேண்டியது. புத்தகத்தை ஒருவர் கையில் வைத்து, தன் வேகத்தில் திருப்புகிறார். அடுத்து என்ன வரும் என்று தெரியாத அந்த நொடி உன் வசம் இருக்கிறது. அதை ஏன் விட்டுக்கொடுக்கிறாய்?

உனக்கு முன்னால் செய்தவர்களைப் பார். ஹன்னா ஹோக் பெர்லினில் ஒரு பத்திரிகை நிறுவனத்தில் தையல், பின்னல் வேலைப்பாடுகளுக்கு மாதிரி வரைந்துகொண்டிருந்தவர். 1919-20இல் பத்திரிகைப் படங்களை வெட்டியே ஆட்சியாளர்களையும் தளபதிகளையும் தலை வேறு உடல் வேறாக ஒட்டினார். அந்தப் பெரிய படத்தின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு வரைபடம்: ஐரோப்பாவில் எந்தெந்த நாடுகளில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது என்று. கிட்டே போய்ப் பார்ப்பவருக்குத்தான் அது அகப்படும். அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் வியட்நாம் போர்க் காலத்தில் அழகான வரவேற்பறைப் படங்களுக்குள் போர்க்களப் படங்களை ஒட்டினார். ஒரு பெண் திரைச்சீலையைச் சுத்தம் செய்கிறாள், ஜன்னலுக்கு வெளியே சிப்பாய்கள் நிற்கிறார்கள். அவற்றை நகலெடுத்துப் போர் எதிர்ப்புக் கூட்டங்களில் கொடுத்தார். இன்னொரு அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் 1997இல், அடிமை முறையிலிருந்து விடுபட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் கதையைக் குழந்தைகளின் எழும்பும் படப் புத்தகத்தின் வடிவில் செய்தார். விரித்ததும் கறுப்பு நிழலுருவங்கள் எழுந்து நிற்கின்றன. விளையாட்டுப் பொருள் என்று நம்பித் திறக்கிறவரை அந்த வடிவமே மாட்டிவிடுகிறது. மூவரில் வாக்கரைத்தான் நீ அதிகம் பார்க்க வேண்டும் என்பேன்.

கோஷப் பக்கங்கள் இருந்த இடத்தில் ஒரு விசிறி மடிப்பு வைத்துப் பார். இழுத்தால் தெரு முழுவதும் மேசை நீளத்துக்கு விரியட்டும், வீடு வீடாக. மூட வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டையும் கையால் மடித்து உள்ளே தள்ள வேண்டும்.

இனி வேலை சம்பந்தமானது. படங்களை ஒட்டியதால் வாய்ப்பக்கம், அதாவது புத்தகம் திறக்கும் பக்கம், உப்பி, முதுகு மெலிந்து நிற்கிறது. ஒட்டும் தாள் ஒவ்வொன்றுக்கும் முதுகுப் பக்கம் ஒரு பட்டைத் தாள் சேர்த்துத் தைத்தால் கனம் சமமாகும். பசை ஈரத்தில் காகிதம் அதன் நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் விரியும். தாளின் நாரும் படத்தின் நாரும் முதுகுக்கு இணையாக ஓடட்டும், இல்லாவிட்டால் பக்கம் வளைந்துவிடும். செய்தித்தாள் துண்டுகள் சீக்கிரமே மஞ்சளாகி நொறுங்கும். அந்த நொறுங்கலும் கதையில் சேர வேண்டும் என்றால் அப்படியே ஒட்டு, எனக்குச் சம்மதம்தான். நோட்டீஸை மட்டும் நல்ல காகிதத்தில் நகலெடு, அது சாட்சி.

இன்னொன்று. அந்த வீட்டுக்காரர்களிடம் டம்மியைக் காட்டினாயா? பெயர்களை மறைத்திருக்கிறாய், நல்லது. சுவரையும் பென்சில் கோடுகளையும் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிடு. அவர்கள் வேண்டாம் என்றால் நான்காம் தாளே போகட்டும், எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.

ஒரே பிரதி செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் எண்ணத்தையும் மறுபடி யோசி. அர்ஜென்டினாவில் பொருளாதாரம் சரிந்த பிறகு, 2003இல் புவனஸ் அயர்ஸில் எலோயிசா கார்த்தோனேரா என்றொரு பதிப்பகம் தொடங்கியது. தெருவில் அட்டை பொறுக்கிப் பிழைப்பவர்களிடம் வழக்கமான விலையைவிடக் கூட்டிக் கொடுத்து அட்டை வாங்கி, அதில் கையால் வண்ணம் தீட்டி, புத்தகங்களுக்கு மேலட்டையாகப் போட்டு மலிவாக விற்றார்கள். அந்த விலையும் அந்த அட்டையுமே அவர்களுடைய அரசியல். உன் புத்தகத்தில் நகலெடுக்க முடியாத பக்கம் எதுவுமில்லை. அந்தத் தெருக்காரர்கள் வீட்டுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்படி செய்யலாமே.

விசிறி மடிப்பு வைத்த அடுத்த டம்மியைத் தைக்காமல் அனுப்பு. பட்டையும் தையலும் நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா