வயதான தெருப் பூனைக்கு மழைக்காலத்தில் ஒரு பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி வியாபாரம் தொடங்கப் போகிறது. லிட்டில் இந்தியாவில் கடைக்குக் கடை கழுவித் துடைத்து, ஐந்தடியில், அதாவது கடை வாசலை ஒட்டிய கூரை போட்ட நடைபாதையில், கிடக்கும் அட்டை, பெட்டி, சாக்கு எல்லாவற்றையும் குப்பை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். பினாங்கில் மழை கொட்டுவதும் இந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். அந்தப் பெட்டிகளில் ஒன்றையாவது தெருப் பூனைகளுக்கு, அதிலும் வயதான பூனைகளுக்கு, விட்டு வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

"நம்ம ஊர்ல ஏது குளிர், அக்கா?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். பூனையின் உடல் சூடு நம்முடையதைவிட அதிகம். 38 டிகிரிக்கும் 39 டிகிரிக்கும் இடையில் இருக்கும். சுற்றிலும் 30 டிகிரியாவது இருந்தால்தான் அந்தச் சூட்டைக் காப்பாற்ற அதன் உடம்பு தனியாகப் பாடுபட வேண்டியிருக்காது. மழை இரவில் இங்கே 23, 24 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ரோமம் காய்ந்திருக்கும் இளம் பூனை இதைச் சமாளித்துவிடும். ரோமம் நனைந்து, காற்றும் அடித்தால் அப்படி இல்லை. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் காற்றுமழை இருக்கிறதே, அதன் சாரல் ஐந்தடிக்குள் கடைக்கதவு வரைக்கும் அடிக்கும்.

என் பூக்கடை வாசலில் இருக்கும் கறுப்பிக்கு வயது பதினாலுக்குக் குறையாது என்றார் கால்நடை மருத்துவர். இடது காது நுனி வெட்டியிருக்கும். கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே திரும்ப விட்ட பூனை என்பதற்கு அது அடையாளம். பின்னங்கால் மூட்டு இறுகிவிட்டது. முன்பெல்லாம் பூ மேசைக்கு மேலே தாவிப் படுக்கும், இப்போது தரையை விட்டு எழும்ப முடியவில்லை. முதுகுப் பக்கம் நாக்கு எட்டாமல் ரோமம் சடை பிடிக்கிறது. சடை பிடித்த ரோமத்தில் சூடு தங்காது. தசையும் கொழுப்பும் வற்றிப்போன உடம்பு வேறு. வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தெருவிலேயே முதிர்ந்த பூனை அது, கதவைச் சாத்தினால் சோறு தண்ணீர் தொடாமல் கத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் அது இருக்கும் இடத்தையே பத்திரமாக்கிக் கொடுத்தேன்.

எங்களுக்கு மல்லிகை வந்து இறங்கும் வெள்ளைப் போலிஸ்டைரின் பெட்டிதான் அதற்கு வீடு. பூவின் குளிர்ச்சியை வெளியே விடாத அதே பெட்டி, பூனையின் சூட்டையும் வெளியே விடாது. மூடியை டேப் போட்டு ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வாசல் வெட்டினால் போதும். வாசல் பெரிதானால் சூடு போய்விடும். வாசலின் அடிவிளிம்பு தாழ்வாக இருக்கட்டும், மூட்டு வலிக்கும் பூனை காலைத் தூக்கி வைக்க வேண்டுமே. சுவர்ப் பக்கம் பார்த்து வாசலைத் திருப்பி வைத்தால் சாரல் உள்ளே போகாது. பெட்டியும் பூனை உள்ளே சுருண்டு படுக்கும் அளவுதான் இருக்க வேண்டும், பெரிய பெட்டி சீக்கிரம் சூடேறாது. தரையில் வைக்காதீர்கள், செங்கல் அடுக்கி மேலே வையுங்கள். 2017 நவம்பரில் ஒரே இரவில் பினாங்கு எப்படி மூழ்கியது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

உள்ளே விரிக்க வைக்கோல் நல்லது, துணி போல அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் வைக்கோலிலும் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் உடனே எடுத்துப் போட்டுவிட வேண்டும். தினமும் மாற்ற ஆள் இருந்தால் பழைய துண்டே போதும். நான் துண்டுதான் போடுகிறேன். ரொம்பக் குளிரும் இரவில், கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை ஒரு போத்தலில் அடைத்து, துணி சுற்றி ஓரமாக வைத்துவிட்டு வருவேன். சாப்பாட்டையும் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். வயதான பூனைக்கு மோப்பம் மங்கிவிடும், சூட்டில் மீன் வாசம் எழும்பினால்தான் அது வாய் வைக்கும். உப்புப் போடாமல் அவித்த கெம்போங் மீன் கறுப்பிக்குப் பிடிக்கும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கெடுக்கும்.

நல்ல மனசோடு செய்யும் இரண்டு காரியங்கள் என்னைப் பயமுறுத்துகின்றன. நடுங்குகிறதே என்று நம் காய்ச்சல் மாத்திரையான பனடோலை (பாராசிட்டமால்) உடைத்துக் கொடுப்பது ஒன்று. பூனையின் உடம்பால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். இன்னொன்று, நமக்குத் தேய்ப்பது போல அதற்கும் கோடாலித் தைலம் தேய்ப்பது. பூனை அதை நக்கி விழுங்கிவிடும், அதுவும் விஷம். நனைந்த பூனையைத் துண்டால் ஒற்றித் துடைத்துச் சுற்றி வையுங்கள். நடுக்கம் நின்ற பிறகும் காது சில்லென்று இருந்து, துவண்டு கிடந்தால் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். நடுங்கக்கூடத் தெம்பில்லாத நிலை அது. உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வாகனம் வைத்திருப்பவர்களே, மழை விட்டதும் என்ஜின் சூட்டுக்காகப் பூனைகள் போனட்டுக்கு உள்ளே ஏறிப் படுக்கும். காரைக் கிளப்பும் முன் போனட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். கிழட்டுப் பூனைக்குக் காதும் மந்தமாக இருக்கும், அது எழுந்து வெளியே வரக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒருவர், பூனை உள்ளே இருக்கும்போதே பெட்டிக்குள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். ஐந்தடி அசிங்கமாக இருக்கிறதாம். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் காலை நேரத்தில் கறுப்பி நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அசிங்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஆள் நடக்கும் வழியை விட்டுத் தூணுக்குப் பின்னால் பெட்டியை வையுங்கள். துப்புரவு செய்பவர்கள் குப்பை என்று எடுத்துப் போகாதபடி "பூனை" என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி ஒட்டுங்கள். காலி பெட்டி வேண்டும் என்றால் எங்கள் பூக்கடைகளில் கேளுங்கள். காலையில் மல்லிகை இறங்கியதும் எடுத்துத் தருவோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பூக்கடைக்காரி,
லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன், பினாங்கு