ஒரு பக்கத்துக்காக எல்லாக் குழுக்களையும் அடைக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் வைஃபை இருக்கிறது, ஆனால் பாடத்தில் சந்தேகம் கேட்கும் இணையக் குழுவைத் திறந்தால் 'நிர்வாகத்தால் தடுக்கப்பட்டது' என்று வந்து நிற்கிறது. என் அண்ணன் மகள் அப்படியொரு விடுதியில்தான் படிக்கிறாள். லினக்ஸ் குழு, போட்டித் தேர்வுக் குழு எல்லாமே 'சாட்' (அரட்டை) என்ற ஒரே வகையில் போய் விழுந்திருக்கின்றன. யாரும் உட்கார்ந்து படித்துப் பார்த்துத் தடுத்ததாகத் தெரியவில்லை. வடிகட்டும் மென்பொருளிலேயே இப்படி வகை வகையாகப் பட்டியல் வருகிறது, ஒரு வகைக்கு எதிரே டிக் அடித்தால் போதும், நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்து அடைபடும். வார்டனைக் கேட்டால் கணினிப் பிரிவைக் கை காட்டுகிறார், அங்கே போனால் மேலிடத்து உத்தரவு என்கிறார்கள்.

2003 செப்டம்பரிலும் இதுதான் நடந்தது. மேகாலயாவின் ஒரு தீவிரவாத அமைப்போடு தொடர்புடைய சின்னக் குழு ஒன்றைத் தடுக்கச் சொன்னது மத்திய அரசு. அதை மட்டும் தனியாக மறைக்க முடியாத இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள், அந்தக் குழு இருந்த யாஹூ குரூப்ஸ் என்ற குழுத் தளம் மொத்தத்தையும் அடைத்துவிட்டன. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று தமிழர்கள் கூடிப் பேசிய இடமும் அதுதானே!

அரசு ஒரு பக்கத்தைத் தடுப்பதென்றாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். இந்தச் சட்டம் விடுதி வைஃபைக்கு வராது, சரி, ஆனால் காரணம் சொல்லும் பழக்கமாவது வரலாமே?

பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை, தடையைத் தாண்ட, வேறொரு நிறுவனத்தின் வழியாக இணையத்துக்குப் போகவைக்கும் விபிஎன் செயலிகளில் கிடைத்த இலவசமானதை இறக்கிக்கொள்கிறார்கள். எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரம் அப்புறம் முகம் தெரியாத ஏதோ ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகிறது, கல்லூரி பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. அதற்குச் சொந்த மொபைல் டேட்டாவில் பார்ப்பது எவ்வளவோ மேல். மின்னஞ்சல் வசதி உள்ள குழு என்றால் பதிவுகளை அஞ்சலிலேயே வாங்கிக்கொள்ளலாம், தளம் அடைபட்டிருந்தாலும் அஞ்சல் வழக்கம்போல வந்துவிடும்.

கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது, அந்தத் தடுப்புப் பக்கத்திலேயே யாரிடம் முறையிடுவது என்று ஒரு மின்னஞ்சல் முகவரி போடுங்கள், மாணவர் எழுதினால் அந்தத் தளத்தை ஒருவர் திறந்து பார்த்து, இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்