ஐஸ் பெட்டிக்கு முந்தைய நிமிடங்கள்

ஆசிரியருக்கு,

உறுப்பு தானச் செய்திகளில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் எத்தனை கிலோமீட்டர் கடந்தது என்பதே தலைப்பாகிறது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு என்றால் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அங்கே உறுப்பைக் கழுவிக் குளிர்விக்கும் திரவம் பாயும் வரை இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. ரத்த ஓட்டம் நின்று இறந்தவரின் உறுப்புக்கு அது பொருந்தாது. அதன் தலைவிதியில் பெரும்பகுதி ஐஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த நிமிடங்களையும் எழுதுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

இவ்வகை தானத்தில், நோயாளி மீள வழியில்லை என்று மருத்துவர்களும் குடும்பத்தாரும் முடிவெடுத்த பிறகு வென்டிலேட்டர் விலக்கப்படுகிறது. அந்த முடிவில் உறுப்பு மாற்றுக் குழுவுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. இதயம் நின்றதும், அது தானாக மீண்டும் துடிக்காது என்று உறுதிசெய்ய, யாரும் உடலைத் தொடாமல் காத்திருக்கிறார்கள். பல நாடுகளில் 5 நிமிடம், இத்தாலியில் 20. ஆனால் உறுப்பின் கடிகாரம் இதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். மேல் ரத்த அழுத்தம் 50-க்குக் கீழே இறங்கியதிலிருந்து குளிர்ந்த திரவம் பாயும் வரை உள்ள நேரத்தைத்தான் பிரிட்டனில் எண்ணுகிறார்கள். கல்லீரலுக்கும் கணையத்துக்கும் சுமார் 30 நிமிடம், நுரையீரலுக்கு 60, சிறுநீரகத்துக்கு 120 என்பது அங்கே பொதுவான வரம்பு. காற்றுப்பைகளில் தங்கிய ஆக்சிஜனை வைத்தே நுரையீரல் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால் அதற்குக் கூடுதல் அவகாசம்.

உடல் சூட்டிலேயே ஆக்சிஜன் நின்றுபோனால் செல்லின் எரிபொருளான ஏடிபி விரைவில் தீர்ந்துவிடும். சோடியத்தை வெளியேற்றும் பம்ப் நிற்கும். சோடியத்தோடு தண்ணீரும் உள்ளே புகுந்து செல் உப்பும். சக்சினேட் என்ற பொருள் குவியும். பிறகு பெறுபவரின் ரத்தம் பாயும்போது அது ஒரே மூச்சில் எரிந்து, வந்த ஆக்சிஜனையே நஞ்சாக மாற்றுகிறது. 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் செல்லின் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும், அறவே நிற்காது. ஏற்கெனவே பட்ட அடியையும் ஐஸ் ஆற்றாது.

இதில் அதிகம் ஏமாற்றுவது கல்லீரல்தான். கல்லீரல் செல்களுக்குத் தமனி, போர்ட்டல் சிரை என இரு வழியாக ரத்தம் வருகிறது. பித்தநாளத்துக்குப் பெரும்பாலும் தமனி மட்டுமே. அதைச் சுற்றிய நுண்குழாய்களில் ரத்தம் உறைந்துவிட்டால், பொருத்திய கல்லீரல் முதல் வாரம் நன்றாகவே வேலைசெய்யும். மாதங்கள் கழித்துப் பித்தநாளம் ஆங்காங்கே சுருங்கி, மறுபடி மாற்று அறுவை வரை போகலாம். பித்தநாளத்துக்குள் தங்கிய பித்தமும் அதன் உட்பூச்சை அரிக்கும். ஆகவே உறுப்பு எடுக்கும்போதே அதைக் கழுவிவிட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வேலைதான்.

காத்திருப்பு முடிந்ததும் வயிற்றைத் திறந்து, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே குழாய் செருகி, மேலே மார்புப் பகுதியில் அதை இறுக்கி அடைக்கும் கிளாம்ப் போட்டு, குளிர்ந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள். கூடவே பெருஞ்சிரையைத் திறந்து ரத்தத்தை வடியவிட வேண்டும். இல்லையேல் உறுப்பு வீங்கும். இதற்குப் பயன்படும் திரவங்களில் ஒன்றான, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுதார்டும் உருவாக்கிய விஸ்கான்சின் திரவம் பிசுபிசுப்பானது; உறைந்த ரத்தம் உள்ள நுண்குழாய்களில் மெதுவாகத்தான் நுழையும். அதில் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 125 மில்லிமோல். பொருத்தும் முன் அதைக் கழுவி வெளியேற்றாவிட்டால் பெறுபவரின் இதயமே நின்றுபோகலாம். உறுப்பு மேல் ஐஸ் நேராகப் படவும் கூடாது, பட்ட இடம் உறைந்து செத்துவிடும். திரவத்தோடு ஒரு பை, அதைச் சுற்றிக் குளிர்ந்த உப்புநீரோடு இன்னொன்று, வெளியே மூன்றாவது பை, அதற்கப்பால்தான் ஐஸ்.

இப்போது இயந்திரங்கள் வந்திருக்கின்றன. சிறுநீரகத்தைக் குளிரிலேயே 25 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் பம்ப் செய்தால், பொருத்தியபின் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பு குறைகிறது. கல்லீரலுக்குப் பொருத்துவதற்குச் சற்று முன் சுமார் 10 டிகிரியில் ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தை 2 மணி நேரம் ஓடவிடுவது, குவிந்த சக்சினேட்டைச் சாவகாசமாக எரித்துவிடுகிறது. 2021-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மேலே சொன்ன பித்தநாளச் சுருக்கம் ஐஸில் மட்டும் வைத்தவற்றில் 18 சதவீதம், இப்படிச் செய்தவற்றில் 6. உடலுக்குள்ளேயே, மூளைக்கு ரத்தம் போகாமல் அடைத்துவிட்டு, வயிற்று உறுப்புகளுக்கு மட்டும் 2 மணி நேரம் ரத்தம் ஓட்டும் முறையும் உண்டு. அறநெறிக் கேள்விகளால் எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை.

37 டிகிரியில் ரத்தம் ஓடும் இயந்திரம் இன்னும் மேல், கல்லீரல் வேலைசெய்கிறதா என்பதைப் பொருத்தும் முன்பே அதில் பார்த்துவிடலாம்: ஆக்சிஜன் குறைவால் சேரும் லாக்டேட் இறங்குகிறதா, பித்தம் சுரக்கிறதா என்று. ஆனால் வழியில் அந்த இயந்திரம் நின்றால் உறுப்பு உடல் சூட்டிலேயே ரத்தமின்றித் தவிக்கும் அந்த நிமிடங்களில் மறுபடி விழுகிறது. குளிர் இயந்திரம் நின்றால் அது வெறும் ஐஸ் பெட்டியாகும், அவ்வளவுதான். தேர்ந்த ஆள் பக்கத்தில் இல்லாத மருத்துவமனை குளிர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி எழுதும் நிருபர், ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் பேசிய பிறகு அறுவை அரங்கிலும் கேட்கட்டும்: அழுத்தம் 50-க்குக் கீழே போன நேரம் என்ன, குளிர்ந்த திரவம் பாய்ந்த நேரம் என்ன?

இப்படிக்கு,
உறுப்பு மாற்றுப் பணியில் உள்ள வாசகர்கள்