பொட்டலத்துக்குள் உயிர் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் காவிரி டெல்டா மண்வளம் பற்றித் தங்கள் நிருபர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். பூஞ்சைகளைக் கொண்டு மண்ணை மீட்கலாம், உயிரித் தொழில்நுட்பம் கைகொடுக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே இவை பரவாததற்குக் காரணம்." தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதிய வரி என்று நினைக்கிறேன். எங்கள் கோட்டூர்ப் பக்கம் வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இங்கே இருக்கிறது. 'ஆடுதுறை' என்று சொல்லித்தான் நாங்கள் நெல்லும் கேட்போம், உளுந்தும் கேட்போம். பட்டுக்கோட்டைப் பக்கம் என் மைத்துனர் தென்னைநார்க் கழிவில் சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைத்துத் தோப்புக்கு இடுகிறார். அதுவும் பூஞ்சைதான். இந்த விழிப்புணர்வு அவருக்குக் கருத்தரங்கில் வரவில்லை.

எங்களிடம் இல்லாதது நல்ல சரக்கு. யூரியா தட்டுப்பாடு வந்தால் கடைக்காரர் என்ன செய்வார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மூட்டை வேண்டுமானால் கூடவே வேர் உட்பூசணப் (பயிர் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சை) பொட்டலம் ஒன்றும் டிரைக்கோடெர்மா (பயிர் நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை) பொட்டலம் ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் "இணைப்பு" என்பார். அப்படித் தலையில் கட்டப்பட்ட டிரைக்கோடெர்மா பொட்டலத்தில் காலாவதித் தேதி மேல் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் போன வருடத் தேதி. அதுவும் எங்கே இருந்தது? தகரக் கூரைக்கு அடியில், மேல் தட்டில், அக்கினி நட்சத்திரம் முழுவதும். உயிருள்ள பொருளை வைக்கிற இடமா அது?

வேளாண் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள் அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்கு ஊடகத் தட்டில் தூவி வைத்தாள். உயிர் இருந்தால் சில நாளில் தட்டு முழுவதும் பச்சை படர வேண்டுமாம். ஓரத்தில் ஏதோ ஒரு கறுப்புப் பூசணம் மட்டும் எட்டிப் பார்த்தது. நான் காசு கொடுத்து வாங்கியது வெறும் டால்க் பவுடர். முகத்துக்காவது பூசியிருக்கலாம்.

வேர் உட்பூசணம் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகிறது. டிரைக்கோடெர்மா 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டு சட்டம் இருந்தும் அந்தக் கடைப் படியேறி மாதிரி எடுத்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. எங்கள் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் கொள்முதல் நிலையத்தில் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது.

கட்டுரையின் யோசனையாவது சரியா? சம்பா நடவு வயலில் வேர் உட்பூசணத்தைத் தூவச் சொல்கிறார் நிருபர். அந்தப் பூசணத்துக்குக் காற்று வேண்டும். தண்ணீர் கட்டிய வயலில் நெல் வேரில் அது சரியாகப் பிடிக்காது. மேட்டு நாற்றங்காலில் போடலாம், கடைமடையில் நாங்கள் காய்ந்த மண்ணில் செய்யும் புழுதி விதைப்பில் போடலாம், பயறு வகைகளுக்குப் போடலாம். வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அதன் நூலிழைகள் இழுத்துக் கொடுக்கும், பதிலுக்குப் பயிரிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டிய மண்ணில் பயிர் இந்தக் கூட்டாளியைச் சீண்டுவதில்லை. தங்கள் படத்திலோ டிஏபி மூட்டை மேலேயே பொட்டலத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். விளம்பரதாரர் யாரென்று நான் கேட்கப் போவதில்லை.

முன்பெல்லாம் அறுவடை முடிந்ததும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து வயலிலேயே இரவில் அடைத்துக் கிடை போடுவார்கள். தாளும் வைக்கோலும் கொஞ்சமாவது மண்ணுக்குத் திரும்பும். இப்போது அறுவடை இயந்திரம் போன கையோடு கட்டும் இயந்திரம் வந்து வைக்கோலைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. பூஞ்சைக்குச் சாப்பிட வயலில் என்ன மிச்சம்? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பாதி வெட்டி, "தண்ணீர் திறந்த அரசுக்கு நன்றி" என்ற வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டீர்கள். தங்கள் கத்தரிக்கோலுக்கும் நன்றி.

கேட்பது சிறிய விஷயம்தான். கட்டுரையின் பெட்டிச் செய்தியில் உளுந்து விதையோடு டிரைக்கோடெர்மாவையும் கார்பன்டாசிம் மருந்தையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பின்னது பூஞ்சையைக் கொல்லும் மருந்து, முன்னது பூஞ்சை. தை மாதம் சம்பா அறுப்புக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது எங்கள் ஊரில் உளுந்து தெளிப்பார்கள், தங்கள் இதழை நம்பிக் கலந்துவிடப் போகிறார்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி போதும், இரசாயன மருந்தோடு சேர்க்கக் கூடாது என்று மார்கழிக்குள் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால், தார்ப்பாய் விரித்த குழியில் மக்காச்சோளம் விதைத்து அதன் வேரில் வேர் உட்பூசணத்தை நாமே பெருக்கும் முறையையும் போடுங்கள், கடைக்காரரின் தயவு வேண்டியிருக்காது.

இடம் போதாதென்றால் என் புலம்பலை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். விதைநேர்த்தி பற்றிய வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோட்டூர் ஒன்றியம், திருவாரூர் மாவட்டம்.